முன்னோர் துயிலும் மண்

வரலாறு என்பது மன்னர்கள் செய்த போர்களையும் அவர்கள் எழுப்பிய கோயில்களையும் மட்டும் உரைப்பதன்று. ஒரு குடும்பம் எவ்வூரில் வாழ்ந்தது, எந்நிலத்தில் உழைத்தது, இறுதியில் எம்மண்ணில் அடங்கியது என்பதும் வரலாறே ஆகும். முன்னதைப் பிறர் எழுதி வைத்தனர். பின்னதை நாமே எழுதிக்கொள்ள வேண்டும். நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வெள்ளி விழா வேளையில், நம் இளைஞர்கள் அப்பணியின் பக்கம் கருத்தைச் செலுத்த வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கல்வெட்டில் நம் இடம்

உத்திரமேரூர் என்றவுடன் உலகோர்க்கு நினைவில் எழுவது குடவோலை முறை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் முப்பது குடும்புகளிலிருந்து உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த முறையை விரிவாகக் கூறுகின்றன. பெருமைக்குரிய செய்திதான். ஆயினும் அக்கல்வெட்டு விதிக்கும் தகுதிகளையும் நாம் படித்தல் வேண்டும். கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் கட்டிய வீடு, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்கு உட்பட்ட வயது, வேதப் பயிற்சி ஆகியவை இருந்தாலன்றி ஒருவர் பெயர் குடத்திற்குள் விழாது. அது பிராமணர்களின் சபை. அச்சதுர்வேதிமங்கலத்தின் வயல்களில் சேற்றில் நின்றவர் பெயர் எதுவும் அக்குடத்தில் விழுந்ததில்லை.

அவ்வாறாயின் நம் முன்னோர் கல்வெட்டுகளில் இல்லவே இல்லையா? இருக்கின்றனர். முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் ஊர்தோறும் வரி நீக்கப்பட்ட நிலங்களைப் பட்டியலிடுகின்றன. ஊர் நத்தம், கோயில், குளம், வாய்க்கால் இவற்றோடு பறைச்சேரியும் சுடுகாடும் அங்கே குறிக்கப்பட்டுள்ளன. வெள்ளான் சுடுகாடு, பறைச்சுடுகாடு எனத் தனித்தனியே கூறும் இடங்களும் உண்டு. சாவிலும் பிரித்து வைத்த கொடுமை ஆயிரம் ஆண்டுப் பழமை உடையது என்பதை இதனால் அறிகிறோம். அதே கல் வேறொன்றையும் சொல்கிறது. நமக்கென ஒரு சேரியும், நம் இறந்தோர்க்கென ஒரு நிலமும் இருந்தன என்பதை அரசே கல்லில் எழுதி ஒப்புக்கொண்டது. நிலம் மறுக்கப்பட்ட மக்களுக்கு இடுகாடு ஒன்றே அழியாத பட்டாவாக இருந்திருக்கிறது.

எல்லை அறிந்தவர்கள்

பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் வயல் எல்லை பற்றி இரு தரப்பார்க்குள் வழக்கு எழுந்தால், ஊர்ப் பறையரை அழைத்து எல்லை நெடுக நடக்கச் சொல்வது வழக்கமாயிருந்தது. அவர் நடந்த தடமே எல்லை என ஏற்கப்பட்டது. நீர் பாய்ச்சுதல், களம் காத்தல், ஊர்க்காவல் ஆகிய பணிகளும் அவர்களிடமே இருந்தன. ஊரின் ஒவ்வொரு வரப்பையும் அறிந்தவர்கள் அவர்கள். இன்று அவர்களுடைய வழித்தோன்றல்களாகிய நமக்கு நம் இடுகாட்டின் நான்கு எல்லை எவை என்று கேட்டால் விடை கூற இயலவில்லை. இதனினும் வருந்தத்தக்கது வேறில்லை.

அண்டை வட்டத்து முன்னோடி

நமக்கு அண்டை வட்டமான மதுராந்தகத்தைச் சேர்ந்த கோழியாளம் என்னும் சிற்றூரில் பிறந்தவர் திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனார். பிறந்த நாள் சூலை 7. பிறந்த ஆண்டை 1859 எனச் சில நூல்களும் 1860 எனச் சில நூல்களும் குறிக்கின்றன. வட்டமேசை மாநாட்டில் அமர்ந்த பெருமகனாருக்கே இந்நிலை என்றால், நம் பாட்டனார், முப்பாட்டனார் பற்றிய குறிப்புகளைச் சேர்ப்பது எத்துணை இன்றியமையாதது என்பதை இளைஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சீனிவாசனார் கோயமுத்தூரில் பயின்றார். தம் சாதி வெளிப்பட்டுவிடுமோ என்னும் அச்சத்தால் பிற மாணவரோடு விளையாடாமல் ஒதுங்கி இருந்ததைத் தம் வாழ்க்கை வரலாற்றில் அவரே எழுதியுள்ளார். அவ்வாறு ஒதுங்கி நின்ற சிறுவர்தாம் 1893 அக்டோபரில் ‘பறையன்’ என்னும் பெயரிலேயே இதழைத் தொடங்கினார். எப்பெயரால் இழிவுபடுத்தினரோ அப்பெயரையே தலை நிமிர்ந்து தாங்கினார். 1904-இல் தென்னாப்பிரிக்கா சென்று அங்கே நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்தார். தாயகம் திரும்பிய பின் 1923-இல் சென்னைச் சட்டமன்ற மேலவை உறுப்பினரானார். 1930-ஆம் ஆண்டு தொடங்கிய இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் நம் மக்களின் சார்பாளராக அமர்ந்தார். 1939-இல் ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ என்னும் நூலை வெளியிட்டார்.

நம் கட்டுரைப் பொருளுக்கு நெருங்கிய செயல் ஒன்று உண்டு. 1924-இல் அவர் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, பாதை ஆகியவற்றில் எவரும் நடக்கலாம்; பொதுக் கிணறு, குளம், பொது அலுவலகங்கள் எவர்க்கும் உரியவை என்பது அதன் கருத்து. அரசும் அதனை ஏற்று ஆணை பிறப்பித்தது. உயிரோடிருப்பவன் நடக்கும் பாதைக்கு மட்டுமன்றி, இறந்தவனைச் சுமந்து செல்லும் பாதைக்கும் அவ்வாணை பொருந்தும் அன்றோ?

1945 செப்டம்பர் 18-இல் அவர் மறைந்தார். சென்னை ஓட்டேரியில் அவர் அடங்கிய இடம் ‘உரிமைக்களம்’ என்னும் பெயர் பெற்றது. கல்லறைக்கு இதனினும் பொருத்தமான பெயர் உண்டோ? அவரை அறிந்தோர் அவ்விடத்தைப் பேணியமையால்தான் ஆண்டுதோறும் அங்கே மலர் தூவ முடிகிறது. பேணாது விட்டிருந்தால் கோழியாளத்துக் குழந்தை கண் மூடிய இடத்தை எவரும் அறியார்.

மூதாதையரைத் தேடும் வழி

வகுப்பறையில் மாணவர்களிடம், “உன் பாட்டனாரின் தந்தை பெயரை எழுது” என்று நாம் கேட்டதுண்டு. பெரும்பாலோர் எழுதுகோலைக் கீழே வைத்துவிடுவர். இது அவர்கள் குற்றமன்று. சொல்லிக்கொடுப்பார் இல்லை. எனவே தேடும் முறையைச் சிறிது கூறுவோம்.

முதலில் வீட்டுப் பெரியோரிடம் தொடங்குக. குறிப்பாகப் பாட்டிமாரைக் கேட்க வேண்டும். எவ்வூரிலிருந்து பெண் எடுத்தோம், எவ்வூருக்குப் பெண் கொடுத்தோம் என்பது அவர்கள் நாவில் இருக்கும். ஒப்பாரியில் வரும் உறவுப் பெயர்களையும் ஊர்ப் பெயர்களையும் எழுதிக்கொள்க. பாட்டன் பெயரைத் தாங்குவதால்தான் அவன் ‘பெயரன்’ எனப்பட்டான். ஆகவே ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு மறு தலைமுறையில் திரும்பி வருவதைக் காணலாம். இருவரையும் ஒருவராக எண்ணி மயங்குதல் கூடாது.

அடுத்து ஏடுகளைப் பார்த்தல் வேண்டும். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் தந்தை பெயர், ஊர், தொழில் ஆகியவை இருக்கும். பிறந்த தேதியை மட்டும் அப்படியே நம்பலாகாது. கையைத் தலைக்கு மேலாக வளைத்து மறுகாதைத் தொட்டால் ஐந்து வயது என்று கொண்டு, ஆசிரியரே ஒரு தேதியை எழுதிவிட்ட காலம் அது. பிறப்பு இறப்புப் பதிவேடுகள் முற்காலத்தில் கிராம முன்சீப் வசம் இருந்தன. 1980-இல் அப்பதவியும் கர்ணம் பதவியும் ஒழிக்கப்பட்டன. பின்னர்க் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தனர். பழைய ஏடுகளில் குழந்தையின் பெயர் இன்றி, ‘இன்னார்க்கு ஆண் குழந்தை’ என்று மட்டும் இருப்பதும் உண்டு.

நில ஏடுகளும் உதவும். செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராயிருந்த திரெமென்கீர் என்னும் ஆங்கிலேயர், நம் மக்களின் நிலையை ஆராய்ந்து 1891-இல் அரசுக்கு அறிக்கை அளித்தார். அதன் பயனாக 1892 செப்டம்பர் 30-ஆம் நாள் ஆணையால் வழங்கப்பட்டவையே பஞ்சமி நிலங்கள். உங்கள் ஊரில் அத்தகைய நிலம் இருக்குமாயின், அதனைப் பெற்றவர் பட்டியலில் உங்கள் முப்பாட்டனார் பெயர் இருத்தல் கூடும். அந்நிலம் இன்று எவர் கையில் உள்ளது என்பதும் அப்போது விளங்கும். அந்நிலங்களை மீட்கக் குரல் எழுப்பிய போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கற்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் சான் தாமசு, ஏழுமலை ஆகிய இருவர் உயிர் ஈந்தனர் என்பதை மறத்தலாகாது.

கடல் கடந்தோரையும் தேடலாம். 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கு ஏற்றப்பட்டோர் 1,52,184 பேர். ஒவ்வொருவரின் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், ஊர் எனக் கப்பல் பதிவேடுகளில் எழுதியுள்ளனர். மூட்டைகளைப் போல் எண்ணி எழுதியவர்கள், தாம் அறியாமலே நமக்கு ஒரு வரலாற்று ஏட்டைத் தந்து சென்றனர்.

இடுகாட்டைக் காக்கும் முறை

ஏடு முடியும் இடத்தில் இடுகாடு தொடங்குகிறது. மதுராந்தகம் வட்டம் சாணூரில் 1950, 1952 ஆகிய ஆண்டுகளில் தொல்லியல் துறையினர் பெருங்கற்காலப் புதைகுழிகளை அகழ்ந்தனர். ஈராயிரம் ஆண்டுகட்கு முற்பட்டோர் தம் இறந்தோரைச் சுற்றிக் கல்வட்டம் நட்டுக் காத்தனர். முந்தைய தலைமுறையைக் கண்டவர்களாகிய நாம் ஒரு முள்வேலியேனும் இடாதிருத்தல் தகுமோ?

நம் இடுகாடுகளில் பெரும்பாலானவை மண்மேடுகளே. தலைமாட்டில் ஒரு கல்லோ ஒரு செடியோ இருக்கும். இரண்டு மழைக்காலம் கடந்தால் மேடும் கரையும். ஆகவே முதற்பணி வரைபடம். ஊர்ப் பெரியோர் இருவரை உடன் அழைத்துச் சென்று, இங்கே இன்னார் என அவர்கள் காட்டும் இடத்தை எண்ணிட்டு வரைந்துகொள்க. அப்பெரியோர் இன்னும் பல்லாண்டு வாழ வேண்டும். எனினும் இப்பணியை ஒத்திப்போடுதல் கூடாது.

எழுத்துள்ள கல்லறைகளை அமிலம் ஊற்றியோ கம்பித் தூரிகையால் தேய்த்தோ தூய்மை செய்யாதீர். வெறும் நீரும் மென்மையான துணியும் போதும். காலை வெயில் சாய்வாக விழும்போது மங்கிய எழுத்தும் தெளிவாகும். தமிழ் ஆண்டுப் பெயர்கள் அறுபதாண்டுக்கு ஒரு முறை மீண்டும் வருபவை. ‘பிரபவ’ என்றிருந்தால் அது 1867, 1927, 1987 ஆகியவற்றுள் ஒன்றில் தொடங்கிய ஆண்டாகலாம். பிற குறிப்புகளோடு ஒப்பிட்டே முடிவு செய்தல் வேண்டும். சுண்ணாம்பும் செங்கல்லும் கொண்டு கட்டிய பழைய கல்லறைகளைச் சிமெண்டால் பூசுதலும் நன்றன்று. ஈரம் உள்ளே தங்கிச் செங்கல் உதிரும்.

சீமைக் கருவேல மரத்தை மேலே வெட்டினால் மீண்டும் தழைக்கும். வேரோடு களைய வேண்டும். ஆனால் மேடுகளின் மீது பொக்லைன் இயந்திரத்தை ஏற்றலாகாது. வேம்பும் புங்கமும் பனையும் நிற்கட்டும். எல்லையோரம் பனை விதை ஊன்றினால் அதுவே நெடுநாள் எல்லைக்கல்லாகும்.

பாதையும் உரிமையும்

உள்ளே செய்யும் பணிகள் இவை. வெளியே செய்யும் பணி இன்னும் பெரிது. பல ஊர்களில் இடுகாடு இருக்கும், பாதை இராது. மழைக்காலத்தில் இடுப்பளவு நீரில் பாடை சுமந்து செல்லும் துன்பத்தை நம்மில் அறியாதார் எவர்? 2019 ஆகத்தில் வேலூர் மாவட்டம் வாணியம்பாடி அருகில் வழி மறுக்கப்பட்டமையால், நம் மக்கள் ஓர் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினர். நாடே அதனைக் கண்டது. உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து அதனை வழக்காக எடுத்துக்கொண்டது.

சட்டம் நம் பக்கம் உள்ளது. 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், இடுகாட்டையும் அதற்கான வழியையும் தீண்டாமை காரணமாக மறுப்பதைக் குற்றமாக்குகிறது. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும், 2015-இல் செய்த திருத்தத்தின்படி, இடுகாட்டைப் பயன்படுத்தவிடாமல் தடுப்போரைத் தண்டிக்கிறது. இடுகாடுகளை அமைத்துப் பேணுதல் ஊராட்சியின் கடமை என்று 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் கூறுகிறது.

ஆயின் சட்டம் தானாக நடந்து ஊருக்குள் வாராது. கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேட்டைப் பார்த்து இடுகாட்டின் புல எண்ணையும் பரப்பையும் குறித்துக்கொள்க. புலப்பட நகலைப் பெறுக. வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு அளித்து நில அளவரைக் கொண்டு அளக்கச் செய்து கல் நடுக. சனவரி 26, மே 1, ஆகத்து 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கூடும் கிராமசபையில் பாதை, வேலி, குடிநீர்க் குழாய் ஆகியவற்றைத் தீர்மானமாக எழுதச் செய்க. வாயால் கேட்டது காற்றோடு போகும். எழுத்தால் கேட்டதே கோப்பில் நிற்கும். நம் சங்கம் கல்வியைத் தந்தது இதற்காகவும் அன்றோ!

இளைஞர்களே! பொங்கலுக்கு முன்னாள் முன்னோர்க்குப் படையல் இடுகின்றோம். புத்தாடையும் பலகாரமும் வைத்து வணங்குகின்றோம். அன்று ஒரு நாழிகை ஒதுக்கி, யார் யார்க்குப் படைக்கின்றோம் என்று ஒரு குறிப்பேட்டில் வரிசையாக எழுதுங்கள். ஐந்து பெயர் கிடைத்தால் ஐந்து. மூன்றே கிடைத்தால் மூன்று. அடுத்த ஆண்டு ஒன்று கூடும். ஊர்தோறும் இக்குறிப்பேடுகள் நிறையுமாயின், இச்சங்கத்தின் பொன்விழா மலரை எழுதுவோர்க்கு நம் முன்னோரைப் பிறர் கல்வெட்டுகளில் தேடும் நிலை இராது. அண்ணலும் சீனிவாசனாரும் நம்மிடம் வேண்டியது கற்றல் ஒன்று; கற்றதைக் கொண்டு நம்மை நாமே எழுதுதல் மற்றொன்று. முதலாவதில் நாம் சிறிது தொலைவு வந்துள்ளோம். இரண்டாவதைத் தொடங்குவோம்.