நிறைவும் நிறுத்தமும்: தேவாரம் வட்டாரத்தை முன்வைத்துத் திட்ட முடிப்பின் வரலாறு

தேவாரத்துக்கு அருகே, பொட்டிப்புரத்தை ஒட்டிய அம்பரப்பர் மலையின் அடியில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கும் திட்டத்துக்கு அனுமதி தர முடியாது என்று 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. பெரியாறு புலிகள் காப்பகத்தையும் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்காவையும் இணைக்கும் புலி வழித்தடத்தில் அந்த மலை இருக்கிறது என்பது அரசு சொன்ன காரணம். எதிர்த்துப் போராடியவர்கள் இதை வெற்றி என்றார்கள். ஆதரித்தவர்கள் இழப்பு என்றார்கள். நிர்வாகக் கண்ணோடு பார்த்தால் இரண்டுமே அவசரம். அனுமதி மறுப்பு என்பது ஒரு தரப்பின் முடிவு. ஒரு திட்டத்தை முறைப்படி முடித்துவைப்பது தனி வேலை. அதற்கென்று ஆவணங்களும் பொறுப்பாளிகளும் உண்டு. அந்த வேலை எப்படி உருவாகி வளர்ந்தது என்பதைத் தேனி மாவட்டத்தின் அனுபவங்களை வைத்தே தேடிப் பார்க்கலாம்.

தொடக்கம் பெரியாறு அணை. திருவிதாங்கூருடன் 1886 அக்டோபர் 29-இல் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. மறு ஆண்டு பென்னிகுக் தலைமையில் வேலை தொடங்கியது. வெள்ளம் தற்காலிகத் தடுப்புகளை அடித்துக்கொண்டு போனது, காய்ச்சல் கூலியாட்களைக் கொன்றது. 1895 அக்டோபரில் சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு திறந்துவைத்தார். திறப்பு விழாவோடு கதை முடிந்ததாகத்தான் நாம் நினைக்கிறோம். பொதுப்பணித் துறை அப்படி நினைக்கவில்லை. அங்கேயே பணியாற்றிய பொறியாளர் ஏ.டி. மெக்கன்சி எழுதிய 'பெரியாறு திட்ட வரலாறு' 1899-இல் சென்னை அரசு அச்சகத்திலிருந்து வெளிவந்தது. என் கணிப்பில், இன்றைய மேலாண்மை நூல்கள் 'திட்ட முடிவறிக்கை' என்று குறிப்பிடும் ஆவணத்துக்கு இந்த வட்டாரத்தில் கிடைக்கும் மிகப் பழைய உதாரணம் அதுதான். எதை எப்படிக் கட்டினோம், எங்கே இடறினோம் என்று அடுத்து அணை கட்டப்போகிறவனுக்குச் சொல்லும் நோக்கம் அதில் தெளிவாகத் தெரிகிறது. பெரியாற்றுத் தண்ணீரைக் கம்பம் பள்ளத்தாக்குக்குக் கொண்டுவரும் அமைப்பு நூற்றாண்டு கடந்தும் இயங்குகிறது. இந்த வட்டாரத்தின் 18-ஆம் கால்வாயில் எப்போது தண்ணீர் திறப்பார்கள் என்று இன்றும் விவசாயிகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இத்தகைய நூல் எழுதும் வழக்கம் பெரிய வேலைகளோடு நின்றுவிட்டது. சாதாரண வேலைகளுக்கு எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகமே கடைசிச் சாட்சி. பக்கங்களுக்கு அச்சடித்த எண் இருக்கும். ஒரு தாளைக் கிழித்தால் தெரிந்துவிடும். மையால்தான் எழுத வேண்டும், அழிக்கக் கூடாது. தவறினால் கோடு போட்டு அடித்துச் சுருக்கொப்பம் இட வேண்டும். இளநிலைப் பொறியாளர் எடுத்த அளவை மேலதிகாரி களத்தில் சரிபார்ப்பார். பில் தேறியதும் அந்தப் பக்கங்களின் குறுக்கே சிவப்பு மையில் மூலைவிட்டக் கோடு விழும். இறுதிப் பில், நிறைவுச் சான்று, நிறைவறிக்கை என்ற வரிசையில் கணக்கு மூடப்படும். கறாரான முறைதான். ஆனால் நீளம், அகலம், ஆழம் உள்ளதை மட்டுமே அது அளக்கும். தோண்டாத சுரங்கத்துக்கு எம்-புக்கில் எந்தப் பக்கத்தை ஒதுக்குவது?

மதுரை–போடி ரயில் பாதை இந்த மரபின் நல்ல பக்கத்தையும் காட்டுகிறது, சோதனையையும் காட்டுகிறது. 1928-இல் திறந்த பாதையின் தண்டவாளங்கள் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெயர்க்கப்பட்டன. 1950-களில் மறுபடி போடப்பட்டன. அகலப் பாதையாக்க 2010 டிசம்பர் கடைசியில் மீட்டர்கேஜ் ரயில் நின்றது. தேனிக்கு ரயில் வர 2022 மே ஆனது, போடிக்கு வர 2023 ஜூன் ஆனது. இடைப்பட்ட காலத்தில் ஏலக்காய் மூட்டை முதல் கல்லூரி மாணவர் வரை எல்லாம் சாலை வழியேதான். இவ்வளவு இழுத்தடித்தாலும் ஒவ்வொரு கட்டமும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் முடிந்தது. ரயில்வே பாதுகாப்பு ஆணையர் வந்து, வேக ஓட்டம் பார்த்து, ஒப்புதல் தந்தால்தான் பயணிகள் ரயில் ஓடும். கட்டியவர் ஒருவர், ஏற்பவர் வேறொருவர்.

இந்தப் பிரிவினையைத்தான் பிரிட்டனில் உருவான திட்ட மேலாண்மை முறை கோட்பாடாக மாற்றியது. 1975-இல் சிம்பாக்ட் சிஸ்டம்ஸ் நிறுவனம் 'ப்ராம்ப்ட்' என்ற முறையை வகுத்தது. 1979-இல் பிரிட்டிஷ் அரசின் கணினி முகமை அதன் அடுத்த வடிவத்தைத் தன் கணினித் திட்டங்களுக்கு ஏற்றது. அதிலிருந்து 1989-இல் 'பிரின்ஸ்' வந்தது. 1996-இல் எல்லாத் துறைக்கும் பொதுவான 'பிரின்ஸ் 2' வந்தது. முதல் பதிப்பிலேயே திட்டத்தை முடித்தல் ஒரு தனிச் செயல்முறை: கலைத்தல், தொடர்பணிகளைக் குறித்தல், மதிப்பிடுதல் என மூன்று கூறுகள். 2009 பதிப்பு அதை ஐந்தாக விரித்தது. திட்டமிட்டபடி முடிக்கத் தயாராவது ஒன்று, இடையிலேயே முடிக்கத் தயாராவது மற்றொன்று. பிறகு ஒப்படைப்பு, மதிப்பீடு, முடிக்குமாறு பரிந்துரை. கவனிக்க வேண்டியது இரண்டாவது. நடுவில் நிற்கும் திட்டமும் முடித்துவைக்கப்பட வேண்டியதே என்று தனித் தலைப்பிட்டுச் சொன்னது பெரிய நகர்வு. திட்ட மேலாளர் பரிந்துரை மட்டுமே செய்யலாம். முடிக்கும் அதிகாரம் திட்டக் குழுவுக்கு. செய்வதற்கான நியாயம் தொடர்ந்து இருக்கிறதா என்று கட்டந்தோறும் கேட்பதும் இம்முறையின் அடிப்படை விதி.

இந்த அளவுகோலைப் பொட்டிப்புரத்தில் வைத்துப் பார்ப்போம். இந்திய நியூட்ரினோ ஆய்வின் தாய்வீடு கோலார் தங்க வயல். 1965-இல் டாடா ஆய்வு நிறுவனம், ஒசாகா, டர்ஹாம் பல்கலைக்கழகங்களின் குழு அங்கே பூமிக்கடியில் வளிமண்டல நியூட்ரினோவைப் பதிவுசெய்தது. பின்னர் சுரங்கத்தின் ஆழமான பகுதிகள் மூடப்பட்டன, 1990-களில் ஆய்வும் ஓய்ந்தது. 2001-இல் சுரங்கமே மூடப்பட்டது. இடத்தின் சொந்தக்காரர் வேறு, ஆய்வின் சொந்தக்காரர் வேறு என்றால் ஒன்றின் முடிவு மற்றொன்றையும் இழுத்துவிடும். இந்தப் பாடத்தைப் புதிய திட்டத்தார் எந்த அளவு மனதில் கொண்டார்கள் என்ற ஐயம் எனக்குண்டு.

புதிய ஆய்வகத்துக்கு முன்பு தேர்ந்திருந்த நீலகிரியின் சிங்காரா, முதுமலையை ஒட்டியிருப்பதால் 2009-இல் கைநழுவியது. அடுத்த தேர்வு பொட்டிப்புரத்தை ஒட்டிய போடி மேற்கு மலை. 2011-இல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. சுமார் 1,500 கோடி ரூபாய் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவையின் ஒப்புதல் 2015 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. ஏறக்குறைய 2 கிலோமீட்டர் சுரங்கம், தலைக்கு மேல் ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத பாறை, 50,000 டன் காந்த இரும்புக் கருவி என்பது கனவு. வெடி அதிர்வு, தண்ணீர், மேய்ச்சல், அணைகளின் பாதுகாப்பு என்பவை ஊர்க்காரர்களின் கவலை. அரசியல் தலைவர் வைகோவும் பூவுலகின் நண்பர்கள் அமைப்பும் வழக்குத் தொடுத்தார்கள். 2017 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அனுமதியை நிறுத்திவைத்தது. மதிகெட்டான் சோலை 5 கிலோமீட்டருக்குள் இருந்தது, சுற்றுச்சூழல் தாக்க ஆய்வறிக்கை தயாரித்த அமைப்புக்கு உரிய அங்கீகாரம் இல்லை என்ற இரண்டும் அதில் அடிபட்டன. 2018-இல் மத்திய அரசு சிறப்பு நேர்வாகப் புது அனுமதி தந்தது. அதே ஆண்டு நவம்பரில் தீர்ப்பாயம் அதை ரத்துசெய்ய மறுத்தாலும், தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதல் வேண்டும் என்றது. பிறகுதான் 2022-இன் பிரமாணப் பத்திரம்.

பணம் அணுசக்தித் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் தருவது. நடத்துவது டாடா ஆய்வு நிறுவனம். நிலமும் காடும் மாநிலத்திடம். அனுமதி சுற்றுச்சூழல் அமைச்சகத்திடம், தகராறு நீதிமன்றத்திடம். முடிக்கும் அதிகாரம் கொண்ட ஒரே குழு என்று எதைக் காட்டுவது? நியாயம் தொடர்கிறதா என்ற கேள்வியோ காத்திருக்கவில்லை. நியூட்ரினோ நிறைகளின் வரிசையை அறிவது பொட்டிப்புரத்தின் முக்கிய இலக்குகளில் ஒன்று. அதே கேள்விக்கு வேறு வழியில் விடை தேடும் சீனாவின் ஜூனோ ஆய்வகம் 2025 ஆகஸ்ட்டில் தரவு சேகரிக்கத் தொடங்கிவிட்டது.

இடைமுடிப்பு என்றால் வெறும் கைகழுவல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உருவானவை சில உண்டு. மதுரையில் 85 டன் எடையுள்ள சிறிய மாதிரிக் கருவி இயங்கியது. அதற்கான உணர்கருவிகளை நம் ஆய்வகங்களே வடிவமைத்தன, இந்தத் துறையில் பயின்ற ஓர் ஆராய்ச்சித் தலைமுறை உருவானது. இவை மெக்கன்சியின் நூல்போல ஓர் அறிக்கையில் சேர வேண்டியவை. எதிர்த்தவர்கள் முன்வைத்த நீர், வழித்தட வாதங்களுக்கும் அதே அறிக்கையில் சம இடம் வேண்டும். அடுத்து எந்த மலையைத் தேர்ந்தாலும் முதலில் தேவைப்படப்போவது அவைதான். பொட்டிப்புரத்தில் ஒதுக்கிய நிலம் இனி யார் பொறுப்பில், ஊர் மாடுகள் அங்கே மேயலாமா, அம்பரப்பர் மலையின் சார்னோகைட் பாறையைப் பற்றிச் சேர்த்த நிலவியல் தரவு எந்தத் துறையின் அலமாரிக்குப் போகும் என்பவை தொடர்பணிப் பட்டியலின் முதல் வரிகளாக இருக்கும்.