சித்தூர் – திருப்பதி வட்டாரத் தோல்வினைஞரின் வழிக்கருவிகள்

முன்னுரை

கைவினைஞர் வேலையிடத்திற்கு எவ்வெவற்றை எடுத்துச் செல்கிறார், எவற்றை விட்டுச் செல்கிறார் என்பது தொழில் வரலாற்றுக்குரிய சான்றாகும். சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் ஊர்தோறும் சென்று பணிசெய்த தோல்வினைஞரின் சிறு கருவித் தொகுதியை இலக்கியம், தொழில், வழிபாடு ஆகியவற்றோடு பொருத்திக் காண்பதாக இக்கட்டுரை அமைகிறது.

நிலப்பின்னணி

1911 வரை சித்தூர் வடஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது. இராணிப்பேட்டை, ஆம்பூர் ஆகிய தோல் பதனிடும் ஊர்களும் அம்மாவட்டத்திலேயே அடங்கியிருந்தன. 1953இல் சித்தூர் மாவட்டம் ஆந்திரத்தில் சேர்ந்தது; 1960இல் திருத்தணிப் பகுதி தமிழகத்திற்கு வந்தது; 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. ஆட்சி எல்லைகள் இவ்வாறு மாறினும் தமிழும் தெலுங்கும் கலந்த இவ்வட்டாரத்தின் தொழில்மரபை ஒருமொழி எல்லைக்குள் அடக்கிக் காண இயலாது.

இலக்கியச் சான்று

புறநானூற்று 82ஆம் பாடலில் சாத்தந்தையார், சோழன் போர்வைக்கோப் பெருநற்கிள்ளியின் போர் விரைவுக்குக் கட்டில் பின்னுவோன் கை ஊசியின் விரைவை உவமையாக்குகிறார். ஊரில் விழா, மனைவிக்கு மகப்பேற்று வேளை, மழை பொழியும் மாலை. வேலையை முடித்து வீடு திரும்ப வேண்டியவனின் ஊசி அது. வாரைச் செலுத்தும் அவ்வூசியைப் புலவர் ‘போழ்தூண்டு ஊசி’ என்கிறார். கருவிக்கு வேந்தனின் வீரத்தை அளக்கும் தகுதி கிடைக்கிறது. கருவியைப் பிடித்தவனுக்கோ ‘இழிசினன்’ என்ற பெயரே கிடைக்கிறது. இம்முரண் கருதத்தக்கது.

புறநானூற்று 206ஆம் பாடலில் ஔவையார் கலப்பையைச் சுருக்கிக் கட்டிப் புறப்படுகிறார். இங்குக் கலப்பை என்பது உழுபடையன்று. இசைக்கலம் இடும் பை. மழுவேந்திய தச்சச் சிறுவர்க்குக் காட்டில் எங்கும் தொழில் கிட்டுவது போலத் தமக்கும் எங்கும் சோறு உண்டு என்பது அவர் துணிவு. பையும் கைத்திறனும் உடையார்க்கு உலகம் அகன்றது என்னும் இவ்வுறுதி தோல்வினைஞர்க்கு வாய்த்ததா என்பது எழும் வினாவாகும்.

கருவிகளும் பயனும்

தோல் வேலைக்கு இன்றியமையாத வினைகள் நான்கு: வெட்டுதல், துளைத்தல், தைத்தல், தட்டுதல். இவற்றுக்கு முறையே அகன்ற வாய்க் கத்தி, குத்தூசி, மெழுகிட்ட நூலும் ஊசிகளும், மரச்சுத்தி ஆகியன போதும். கத்தியைத் தீட்டச் சாணைத் துண்டு ஒன்று வேண்டும். கொக்கிமுனைக் குத்தூசி துளையிடுவதோடு நூலையும் இழுத்துவரும். எனவே ஒரு கருவி இருவினை செய்யும். நூலின் இருமுனைகளையும் ஒரே துளையில் எதிரெதிராகச் செலுத்தித் தைத்தால் ஓர் இழை அறுந்தாலும் மற்றோர் இழை தையலைத் தாங்கும். வெட்டும் பலகை, தட்டும் கல் போன்ற பளுவானவற்றைச் சென்ற இடத்திலேயே தேடிக்கொள்ளலாம். ஒரு சிறு தோற்பைக்குள் தொழிற்கூடம் முழுவதும் அடங்கியது இவ்வாறே.

கிணற்றடியும் மலையடியும்

தெலுங்கில் ‘கபில’ எனப்படும் கவலை ஏற்றத்தின் தோற்குழாய் கிழிந்தால் பாசனம் நின்றுவிடும். ஆதலின் தோல்வினைஞர் கருவிகளுடன் கிணற்றடிக்கே செல்ல வேண்டியிருந்தது. சென்னைக் கலைப்பள்ளியில் 1903 அளவில் ஆல்பிரட் சாட்டர்டன் தொடங்கிய குரோம் பதனீட்டு ஆய்வுகளும் நீரிறைக்கும் தோற்பையின் உழைப்பைக் கருத்திற்கொண்டன. பின்னர் மின்னிறைப்பான்கள் பரவவே அப்பணி மறைந்தது.

திருப்பதியில் அலிபிரி அடிவாரத்துப் பாதால மண்டபத்தில் அடியார்கள் திருப்பாதுகைகளைத் தலையில் தாங்கி வலம்வருவர். இப்பெயரிலுள்ள ‘பாதால’ என்பது ‘பாதங்களின்’ எனப் பொருள்படும் தெலுங்கு வேற்றுமை வடிவம். தமிழர் சிலர் கருதுவது போலப் பாதாளம் அன்று. நாள்தோறும் நடந்து இறைவன் காலணி தேய்கிறது என்றும், தோல்தொழில் செய்யும் குடியினர் புதுக்காலணி செய்து காணிக்கையாக்குவர் என்றும் ஐதிகம் வழங்குகிறது. ஆயினும் இக்குடியினர் உள்ளிட்ட தீண்டாமைக்கு ஆளானோர்க்குக் கோயில் நுழைவுரிமையைச் சட்டம் சென்னை மாகாணம் முழுமைக்கும் உறுதிசெய்தது 1947இல்தான். இறைவன் திருவடிக்குரியதைச் செய்த கைகளுக்கு அவன் திருமுன் நிற்கும் உரிமை அவ்வளவு காலம் தாழ்ந்தே வந்தது.

முடிவுரை

தச்சச் சிறுவரின் மழுவுக்குக் காடெங்கும் வழி இருந்தது. தோல்வினைஞரின் ஊசிக்கும் ஊரெங்கும் வேலை இருந்தது. ஆனால் வேலை அழைத்த இடமெல்லாம் அவரை வரவேற்ற இடமாகவில்லை. கருவிப்பை சிறியதாயிருந்தமைக்குக் கைத்திறன் காரணம். அப்பை சென்ற வழி குறுகியதாயிருந்தமைக்குச் சமூகம் காரணம். வட்டார வழக்கிலுள்ள தமிழ், தெலுங்குக் கருவிப் பெயர்களை அத்தொழிலாளர் வாய்மொழியாகவே தொகுத்தல் அகராதிப் பணி மட்டுமன்று. ‘இழிசினன்’ என்ற ஒரு சொல்லுக்குப் பின்னே மறைக்கப்பட்ட தொழிலறிவை அவருக்குரியதாகப் பதிவு செய்யும் பணியுமாகும்.