நான்காம் எண் கல்

2009 மே 13 அன்று ஸ்வீடனில் மார்கஸ் பெர்சன் தானே எழுதி ஓட்டிப் பார்த்த கணினி விளையாட்டில் இரண்டே பொருட்கள்தான் இருந்தன. மேலே புல், அதற்குக் கீழே கல். நீளம் 256 கட்டம், அகலம் 256 கட்டம், உயரம் 64 கட்டம். அவ்வளவுதான் அந்த உலகம். மைன்கிராஃப்ட் என்ற பெயர்கூட அதற்கு அப்போது வரவில்லை.

அந்தக் கல்லைத்தான் இன்று விளையாடும் பிள்ளைகள் கோபிள்ஸ்டோன் என்கிறார்கள், அவசரத்துக்கு வெறும் ‘கோபிள்’. ஒழுங்கில்லாத சாம்பல் நிறக் கற்களை நெருக்கிப் பதித்த முகம். பக்கத்துக்குப் பதினாறு புள்ளி வீதம் மொத்தம் 256 புள்ளிகளில் வரைந்தது. விளையாட்டின் கணக்கில் நீளம், அகலம், உயரம் எல்லாமே ஒரு மீட்டர். இந்த விளையாட்டில் வைரம் உண்டு, தங்கம் உண்டு, டிராகனின் முட்டைகூட உண்டு. ஆனால் பலர் சேர்ந்து ஓர் உலகத்தைக் கட்டியெழுப்பிய கதையைச் சொல்ல எனக்கு இந்த மட்டமான கல்தான் வேண்டும். ஆரம்பம் முதல் எல்லாக் கைகளிலும் புழங்கியது இதுதான்.

பிறந்த அன்று அதற்குத் தனி அடையாளம் எதுவும் கிடையாது. ஒவ்வொரு கட்டத்துக்கும் நிரல் வைத்திருந்த கணக்கு ஒன்று அல்லது சுழியம்: ஏதோ இருக்கிறது, அல்லது எதுவும் இல்லை. இருந்தால் அது என்ன? அதை உயரம் தீர்மானித்தது. நாற்பத்திரண்டாம் தளத்தில் இருந்தால் புல்லின் முகத்தை வரை, வேறு எங்கே இருந்தாலும் கல்லின் முகத்தை வரை. அதே கட்டியை ஒரு படி மேலே தூக்கி வைத்தால் புல் கல்லாகிவிடும். அடுத்தடுத்த நாட்களில் மண் வந்தது, மரப்பலகை வந்தது, வழுவழுப்பான இன்னொரு பாறையும் வந்தது. இனி உயரத்தை வைத்து ஆளைச் சொல்ல முடியாது என்ற நிலை வந்ததும் ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்தார்கள். பாறைக்கு 1, புல்லுக்கு 2, மண்ணுக்கு 3, நம் கல்லுக்கு 4.

இந்த விளையாட்டுக்கு ஒரு மூத்த உறவும் உண்டு. அதே 2009-இல் சில வாரங்கள் முன்னதாக, அமெரிக்காவில் ஸாக் பார்த் என்பவர் இன்ஃபினிமைனர் என்ற விளையாட்டை வெளியிட்டிருந்தார். சிவப்பு அணி, நீல அணி என இரண்டு கூட்டம். கட்டிகளால் ஆன மலையைக் குடைந்து தங்கமும் வைரமும் எடுத்து வர வேண்டும். அதிகம் சேர்த்த அணி ஜெயிக்கும். இது அவர் போட்ட விதி. வந்தவர்களுக்கோ தங்கத்தில் அவ்வளவு நாட்டம் இல்லை. கையில் இருந்த கட்டிகளை அடுக்கிக் கட்டடம் எழுப்பத் தொடங்கிவிட்டார்கள். சீக்கிரமே யாரோ நிரலைப் பிரித்துப் படித்துவிட, ஆளுக்கொரு திருத்திய வடிவம் பெருகியது. ஒன்றோடொன்று ஒத்துவராமல் போயிற்று. பார்த் அதை வளர்ப்பதை நிறுத்திக்கொண்டு நிரலையே எல்லோருக்கும் திறந்து வைத்துவிட்டார். பெர்சன் தன் யோசனை அங்கிருந்து வந்தது என்பதை மறைத்ததில்லை. தோண்டலாம், எடுக்கலாம், வேறிடத்தில் வைக்கலாம் என்ற அந்தக் கட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு அணிகளையும் மதிப்பெண்ணையும் விட்டுவிட்டார். மைன்கிராஃப்ட்டின் வரலாற்றிலேயே பெரிய முடிவாக எனக்குப் படுவது இப்படி விட்டுவிட்டதுதான். மதிப்பெண் இருந்த இடத்தில், பக்கத்தில் நிற்பவர் போட்டியாளர். அதை எடுத்துவிட்டால் அவர் சுவரின் மறுமுனையைப் பிடிக்க வந்தவர்.

2009 ஜூன் மாதம் பலர் ஒரே உலகத்துக்குள் நுழையும் வசதி வந்தது. கல்லின் வாழ்க்கை உண்மையில் மாறியது அப்போதுதான். உள்ளே நடப்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். நீங்கள் ஒரு கல்லை வைக்கிறீர்கள். உங்கள் கணினி சர்வருக்கு ஒன்பது பைட் அனுப்புகிறது: இது கட்டி பற்றிய செய்தி என்று சொல்ல ஒன்று, கிழக்கு மேற்கு, மேல் கீழ், வடக்கு தெற்கு என்ற இடக்குறிப்புக்கு இரண்டிரண்டாக ஆறு, வைத்தீர்களா உடைத்தீர்களா என்பதற்கு ஒன்று, கட்டியின் எண்ணுக்கு ஒன்று. சர்வர் அதைச் சரிபார்த்து, அந்த உலகத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் எட்டு பைட் அனுப்புகிறது: செய்தியின் வகை, இடம், கட்டியின் எண். அவரவர் திரையில் அந்த இடத்தில் கல் முளைக்கிறது.

அந்த எட்டு பைட்டில் வைத்தவர் பெயருக்கு இடமே இல்லை. இன்ன இடத்தில் நான்காம் எண் என்பதுதான் முழுச் செய்தி. நம் ஊர்களில் குடிமராமத்தில் ஏரிக்கரையை உயர்த்தும்போது எந்தக் கூடை மண்ணை யார் கொட்டியது என்று கரை சொல்லாது, அதுபோலத்தான் இதுவும். சிக்கனத்துக்காக அப்படி எழுதியிருப்பார்கள். அப்போதைய இணைய வேகத்தில் ஒவ்வொரு பைட்டும் முக்கியம். ஆனால் அதன் விளைவு சிக்கனத்தோடு நிற்கவில்லை. நான் வைத்த கல்லின் மேல் நீங்கள் வைக்கலாம், நீங்கள் வைத்ததை நான் எடுத்து நகர்த்தலாம். கல் எவருடையதுமாக இல்லாததால் சுவர் எல்லோருடையதாகவும் ஆனது. பெயர் பொறித்த கல்லாக இருந்திருந்தால் இந்த விளையாட்டு வேறு விதமாகப் போயிருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

உயிர் பிழைத்து வாழும் ஆட்டமுறை வந்தபோது கல்லுக்கு உழைப்பின் கணக்கும் சேர்ந்தது. பூமிக்கடியில் இருப்பது வழுவழுப்பான பாறை. மரப் பிக்காஸால் அடித்தால் அது உடைந்து கோபிளாகக் கைக்கு வரும். வெறும் கையால் அடித்தால் பாறை உடையும், கைக்கு ஒன்றும் வராது. எட்டுக் கற்களை நடுவில் வெற்றிடம் விட்டு அடுக்கினால் உலை. அந்த உலையில் கோபிளைப் போட்டுக் கரி மூட்டினால் பத்து நொடியில் மறுபடி வழுவழுப்பான பாறை. ஒரு கரித்துண்டுக்கு எட்டுக் கல் வேகும். பைக்குள் ஓர் அறையில் அறுபத்து நான்கு கல் அடங்கும், அதுதான் ஒரு ஸ்டேக். முதல் நாள் பொழுது சாய்வதற்குள் புதியவருக்குக் கிடைக்கும் உருப்படியான பொருள் இதுதான். தீப்பிடிக்காது, தீர்ந்தும் போகாது. 2010 ஆகஸ்டில் இந்த ஆட்டமுறையும் சர்வருக்குள் வந்தபின், ஒருவர் கீழே வெட்ட ஒருவர் மேலே கட்ட என்று வேலை பிரிந்தது.

கோவையில் என் அக்கா மகன் மெல்போர்னில் இருக்கும் பெரியப்பா மகனோடு விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆற்றின் குறுக்கே பாலம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணா, கோபிள் தீர்ந்துருச்சுங்ணா. எல்லாத்தையும் பாலத்துக்கே எடுத்துட்டீங்க.”

“பெட்டில ரெண்டு ஸ்டேக் கிடக்கும் பாருடா.”

“அது வீட்டுக்கு வெச்சதுங்ணா.”

“சரி, அப்ப கைப்பிடிச் சுவர ஒடச்சு எடுத்துக்கோ. நா அப்புறம் போட்டுக்கறேன்.”

சின்னவன் உடைத்தான். உடைத்த கல் ஒவ்வொன்றும் முழுசாகவே கைக்கு வந்தது. நிஜக் கட்டடத்தை இடித்தால் கிடைப்பது இடிபாடு. இங்கே பிக்காஸால் அடித்த கோபிள் கோபிளாகவே திரும்புகிறது. நேற்றைய சுவர் இன்றைய படிக்கட்டு. அண்ணன் போட்ட சுவரை இடிப்பதில் தம்பிக்குத் தயக்கம் இல்லாததற்கும், இடிக்கச் சொல்வதில் அண்ணனுக்கு வருத்தம் இல்லாததற்கும் இந்தக் குணம்தான் காரணம். ஒன்றும் வீணாகாத இடத்தில் விட்டுக்கொடுப்பது எளிதாக இருக்கிறது.

கல் தீராமல் இருக்க இன்னொரு வழியும் உண்டு. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் எரிமலைக் குழம்பு, இரண்டையும் எதிரெதிரே ஓடவிட வேண்டும். சந்திக்கும் இடத்தில் ஒரு கோபிள் உருவாகும். அதை உடைத்தால் குழம்பு மறுபடி ஓடி வரும், மறுபடி ஒரு கல். நின்ற இடத்திலேயே எத்தனை ஆயிரம் வேண்டுமானாலும் எடுக்கலாம். 2011-இல் வெளிவந்த ஸ்கைபிளாக் என்ற வரைபடம் இந்த ஒரு வினையை நம்பியே எழுந்தது. ஆகாயத்தில் தொங்கும் சிறு மண் துண்டு, ஒற்றை மரம், ஒரு பெட்டி. பெட்டிக்குள் ஒரு வாளிக் குழம்பும் கொஞ்சம் பனிக்கட்டியும். பனியை உருக்கித் தண்ணீராக்கி, குழம்போடு சேர்த்துக் கல் எடுத்து, அந்தக் கல்லால் தரையை நீட்ட வேண்டும். காலுக்குக் கீழே பள்ளம் மட்டும்தான். கூட்டாக ஆடும்போது ஒருவர் ஓயாமல் கல் உடைக்க, மற்றவர் விளிம்பில் குனிந்து ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போவார்.

இதே தண்ணீரும் குழம்பும் அழிப்பவர்கள் கையிலும் சேர்ந்தன. 2010 டிசம்பரில் தொடங்கி இன்றும் ஓடும் 2பி2டி என்ற சர்வரில் விதி என்று எதுவும் கிடையாது. இடித்தாலும் திருடினாலும் கேட்க ஆளில்லை. அங்கே ஒருவர் உயரத்தில் ஏறிக் குழம்பை வாளியோடு கவிழ்ப்பார். அது வழிந்து இறங்கும்போது மேலே தண்ணீரை விடுவார். வழிந்த தடம் முழுக்க கோபிளாக உறையும். அதன்மேல் மறுபடி குழம்பு, மறுபடி தண்ணீர். கடைசியில் சாம்பல் நிறக் குன்று ஒன்று எழும்பி, கீழே யாரோ மாதக்கணக்கில் கட்டியதை மூடிவிடும். புதியவர்கள் வந்து இறங்கும் இடத்தைச் சுற்றி இப்படி உறைந்த கல்மேடுகள் ஏராளம். பெயர் கேட்காத கல், மூடுபவனிடமும் பெயர் கேட்பதில்லை.

அதனால்தான் மற்ற சர்வர்களில் பதிவேடு வந்தது. கோர்புரொடெக்ட் போன்ற துணை நிரல்கள் ஒவ்வொரு கல்லையும் யார் எப்போது வைத்தார், யார் எப்போது உடைத்தார் என்று தனியாக எழுதி வைக்கின்றன. சந்தேகம் வந்தால் சர்வரைக் கவனிப்பவர் அந்தக் கட்டியைத் தட்டிப் பார்ப்பார், வரிசையாகப் பெயர்கள் வரும். ஒருவர் செய்த அழிவை மட்டும் பின்னோக்கி ஓட்டி, பழைய நிலைக்குக் கொண்டுவரவும் முடியும். இதை நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைகள் மூன்று மாதம் கட்டியதை ஒருவன் ஒரு ராத்திரியில் அழிக்கும்போது பதிவேடு தேவைதான். ஆனாலும் அந்தப் பெயர்கள் கல்லுக்குள் போகவில்லை, வேறு ஏட்டில் இருக்கின்றன என்பதில் எனக்கு ஒரு நிம்மதி.

அழிப்பவர்கள் அரசாங்கம் எழுப்பிய உலகத்தையும் விடவில்லை. 2014-இல் டென்மார்க்கின் நில அளவைத் துறை தன் நாடு முழுவதையும் அசல் அளவிலேயே இந்தக் கட்டிகளால் எழுப்பித் திறந்துவிட்டது. வெடிமருந்தை முடக்கி வைத்திருந்தார்கள். வெடிமருந்து ஏற்றிய தண்டவாள வண்டியை மறந்துவிட்டார்கள். சிலர் அதைக் கொண்டுவந்து சில பகுதிகளைத் தகர்த்து அமெரிக்கக் கொடியை நட்டார்கள். சேதம் சிறியது. உடைப்பதும் மறுபடி கட்டுவதும் இந்த விளையாட்டின் இயல்புதான் என்று துறையும் பதறாமல் எடுத்துக்கொண்டது.

திரைக்கு வெளியேயும் கட்டிகள் போயின. 2012-இல் ஐ.நா.வின் குடியிருப்புத் திட்ட அமைப்பும் மைன்கிராஃப்ட்டை நடத்தும் மொஜாங் நிறுவனமும் ‘பிளாக் பை பிளாக்’ என்ற பணியைத் தொடங்கின. நைரோபியின் கிபேராவில், குடிசைகள் நெருங்கிக் கிடக்கும் பகுதியின் விளையாட்டுத் திடல் முதலில் கட்டிகளால் எழுந்தது. பிறகு அங்கே வசிப்பவர்களை உட்கார வைத்தார்கள், ஒரு கணினிக்குச் சில பேர். பலர் அதற்கு முன் கணினியைத் தொட்டதில்லை. வரைபடம் படிக்கத் தெரியாதவருக்கும், கூட்டத்தில் எழுந்து பேசக் கூசுபவருக்கும், இங்கே விளக்கு வேண்டும், இந்த வழி இரவில் பயமாக இருக்கிறது என்பதைக் கட்டியை வைத்தே காட்ட முடிந்தது. அதை அப்படியே அதிகாரிகள் முன் திரையில் ஓட்டினார்கள். நகரத் திட்டம் என்றால் முடிந்த படத்தைக் கொண்டுவந்து காட்டி ஒப்புதல் வாங்குவது என்றே பழகிய நமக்கு இந்த வரிசை மாற்றம் முக்கியமானது. ஒரு கட்டியை நகர்த்தத் தெரிந்த பத்து வயதுப் பிள்ளையும் அங்கே பேச்சில் பங்காளி.

2020 மார்ச்சில், எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பு மைன்கிராஃப்ட்டுக்குள் ஒரு நூலகம் திறந்தது. தம் நாட்டில் தடைசெய்யப்பட்ட செய்தியாளர்களின் கட்டுரைகள் அங்கே புத்தகங்களாக இருக்கின்றன. கட்டுரைகள் முடக்கப்பட்ட நாடுகளில்கூட விளையாட்டு திறந்திருக்கும் என்பதுதான் யோசனை. பதினாறு நாடுகளைச் சேர்ந்த இருபத்து நான்கு பேர் ஒரு கோடியே இருபத்தைந்து லட்சம் கட்டிகளை வைத்து அதைக் கட்டினார்கள். தூண்களும் குவிமாடமுமாக, பழைய ஐரோப்பியக் கட்டடங்களின் பாங்கு. அந்தத் தூண்களின் எந்தக் கல்லிலும் வைத்தவர் பெயர் இல்லை. உள்ளே அலமாரியில் இருப்பதோ, தங்கள் பெயரைப் போட்டு எழுதியதற்காகவே துன்பப்பட்டவர்களின் எழுத்து.

இதற்கிடையே நம் கல்லின் முகமும் மாறியது. 2011-இல் ஒரு முறை வரைந்தார்கள். 2019 ஏப்ரலில் எல்லாக் கட்டிகளையும் புதுப்பித்தபோது அதுவும் மென்மையானது. பழைய முகத்தில் பழகியவர்களுக்காக அதையும் உள்ளேயே வைத்திருக்கிறார்கள், வேண்டுமென்றால் மாற்றிக்கொள்ளலாம். எண்தான் போய்விட்டது. கட்டிகள் பெருகி எண்கள் நெருக்கடியானதால் 2018 ஜூலையில் வந்த 1.13 பதிப்பில் எண்களை எடுத்துவிட்டுப் பெயராலேயே சேமிக்கத் தொடங்கினார்கள். நான்கு என்று யாரும் இப்போது அதைக் கூப்பிடுவதில்லை.

ஆனால் பழைய உலகங்கள் ஒரே நாளில் மாறிவிடவில்லை. உலகம் பதினாறுக்குப் பதினாறு துண்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. ஒரு துண்டின் பக்கம் யாராவது நடந்து போனால்தான் சர்வர் அதைத் திறக்கும், திறக்கும்போது பழைய எண்களைப் புதிய பெயர்களாக மாற்றும். அதுவரை 2011-இல் யாரோ வைத்துவிட்டுப் போன சுவர், வட்டில் இன்னும் நான்கு நான்கு நான்காகவே கிடக்கும். உலகமோ நடுவிலிருந்து ஒவ்வொரு திசையிலும் மூன்று கோடிக் கட்டம் நீள்கிறது. அங்கே போய்ச் சேருகிறவர் அந்தச் சுவரில் ஒரு கல்லைப் பெயர்த்தால், புதுப் பெயரோடு ஒரு கோபிள் அவர் பைக்குள் விழும். ஏற்கெனவே அவரிடம் இருக்கும் ஸ்டேக்கோடு சேர்ந்துகொள்ளும்.