விமானத்தில் அடிபட்டால் எவ்வளவு? - ஒரு நஷ்டஈட்டு வரலாறு

1943ஆம் வருடம் பிப்ரவரி 22ஆம் தேதி. போர்ச்சுகல் நாட்டின் லிஸ்பன் நகரில், தேகஸ் ஆற்றின் மேல் ஒரு பெரிய விமானம் இறங்க வந்தது. ஓடுபாதையில் இறங்கும் விமானம் இல்லை, தண்ணீரிலேயே இறங்கும் ரகம். பெயர் 'யாங்கீ கிளிப்பர்'. பான் அமெரிக்கன் கம்பெனிக்குச் சொந்தமானது. திரும்பும்போது இடது இறக்கை தண்ணீரில் பட்டு, விமானம் ஆற்றில் மோதி உடைந்தது. உள்ளே இருந்த 39 பேரில் 24 பேர் இறந்து போனார்கள்.

பிழைத்தவர்களில் ஒருவர் ஜேன் ஃபிரோமன். அந்தக் காலத்து அமெரிக்க ரேடியோவில் மிகவும் பிரபலமான பாடகி. இரண்டாம் உலகப் போர் நடந்து கொண்டிருந்த நேரம். ஐரோப்பாவில் இருந்த அமெரிக்க வீரர்களுக்குப் பாடிக் காட்டக் கிளம்பியவர் அவர். ஒரு கால் கிட்டத்தட்ட துண்டாகும் நிலை. கையிலும் எலும்பு முறிவு. முதுகெலும்பு உடைந்த நிலையிலும் அவரைத் தண்ணீரில் தாங்கிப் பிடித்துக் காப்பாற்றியவர் அதே விமானத்தின் பைலட்களில் ஒருவர். (பிறகு 1948ல் இருவரும் கல்யாணமே செய்து கொண்டார்கள். 1952ல் இந்தக் கதை ஹாலிவுட்டில் படமாகவும் வந்தது!) அதற்கப்புறம் ஜேன் ஃபிரோமனின் வாழ்க்கை ஆபரேஷன் மேல் ஆபரேஷன். ஊன்றுகோலோடு மேடை ஏறிப் பாடினார்.

அவர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். 1949ல் நியூயார்க் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன பதில் இதுதான்: கம்பெனி சாதாரணமாகக் கொடுக்க வேண்டிய தொகைக்கு ஒரு உச்சவரம்பு உண்டு, அது சுமார் 8,300 டாலர். டிக்கெட்டை என் கண்ணால் கூடப் பார்க்கவில்லை, பயணத்தை ஏற்பாடு செய்தவர்கள்தான் வாங்கினார்கள் என்று அவர் வாதாடியது எடுபடவில்லை. அவர் சார்பில் வாங்கியவர்கள் கையில் கிடைத்தாலே அவருக்குக் கிடைத்த மாதிரிதான் என்றது நீதிமன்றம்.

ஒரு காலின் விலை 8,300 டாலர் என்று யார் முடிவு செய்தது?

அதைத் தெரிந்து கொள்ள 1929க்குப் போக வேண்டும். அந்த வருடம் அக்டோபர் 12ஆம் தேதி போலந்தின் தலைநகரில் பல நாடுகள் சேர்ந்து கையெழுத்திட்டதுதான் வார்சா ஒப்பந்தம். அப்போது பயணிகள் விமானம் என்பது பச்சைக் குழந்தை. விமானங்கள் சின்னவை, கம்பெனிகள் ஏழை, விபத்துகள் அதிகம். ஒரே ஒரு பெரிய விபத்து, பத்துப் பதினைந்து வழக்கு, அவ்வளவுதான், கம்பெனி திவால். இன்சூரன்ஸ்காரர்களும் கணக்குத் தெரியாத ரிஸ்க்கை எடுக்கத் தயங்கினார்கள். அதனால் ஒரு பேரம் நடந்தது. "கம்பெனியின் தவறு என்று பயணி நிரூபிக்க வேண்டாம். தவறு இல்லை என்று கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும். அதற்குப் பதிலாக, கொடுக்க வேண்டிய தொகைக்கு ஒரு உச்சவரம்பு இருக்கும்." வேண்டுமென்றே செய்த தவறு என்று நிரூபித்தால் மட்டும் உச்சவரம்பு கிடையாது.

பேரம் என்ற அளவில் இது மோசமில்லை. நடுவானில் என்ன நடந்தது என்று ஒரு சாதாரண பயணி எப்படி நிரூபிப்பான்? ஆனால் பேரம் பேசிய மேஜையில் பயணி உட்காரவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. உட்கார்ந்தவர்கள் அரசாங்கங்கள். அவற்றில் பலவும் தங்கள் நாட்டு விமானக் கம்பெனிகளுக்குப் பணம் கொடுத்துத் தூக்கி நிறுத்திக் கொண்டிருந்தவை.

உச்சவரம்பு 125,000 பிராங்க். எந்த பிராங்க்? இங்குதான் காமர்ஸ் மாணவர்களுக்குப் பிடித்த விஷயம் வருகிறது. அது கையில் புழங்கிய காகித பிராங்க் இல்லை. ஒரு பிராங்க் என்றால் ஆயிரத்துக்கு 900 பங்கு சுத்தமான 65.5 மில்லிகிராம் தங்கம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்தார்கள். எந்த நாட்டுப் பணம் விழுந்தாலும் நஷ்டஈடு விழாமல் இருக்க இது நல்ல யோசனை. பெருக்கிப் பார்த்தால் 125,000 பிராங்க் என்பது ஏறத்தாழ 7.37 கிலோ சுத்தத் தங்கம்! 1929ல் அமெரிக்காவில் ஒரு அவுன்ஸ் தங்கம் 20.67 டாலர். அந்தக் கணக்கில் 4,900 டாலர். 1934ல் ரூஸ்வெல்ட் அரசு அவுன்ஸை 35 டாலர் ஆக்கியதும் அது 8,291 டாலர் ஆனது. ஜேன் ஃபிரோமன் வழக்கில் வந்த எண் இதுதான்.

அந்த 7.37 கிலோ தங்கம் இன்றைக்கு எத்தனை கோடி ரூபாய் என்று நகைக்கடை பலகையைப் பார்த்து நீங்களே பெருக்கிக் கொள்ளலாம். தங்கத்தின் மார்க்கெட் விலை எகிறியபோது கம்பெனிகள் அந்த விலையைக் கொடுத்தனவா? இல்லை. காணாமல் போன சரக்குப் பார்சல்கள் பற்றிய வழக்கில், பழைய அரசாங்க விலையை வைத்து வந்த உச்சவரம்பே செல்லும் என்று 1984ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லி விட்டது. தங்கம் ஏறியது, நஷ்டஈடு ஏறவில்லை.

1955ல் ஹேக் நகரில் கூடி உச்சவரம்பை இரட்டிப்பாக்கினார்கள். சுமார் 16,600 டாலர். அமெரிக்காவுக்கு இது போதவில்லை. உள்நாட்டு விமானத்தில் அடிபட்டவருக்கு அங்கே நீதிமன்றம் லட்சக்கணக்கில் கொடுக்கும்போது, வெளிநாட்டு டிக்கெட் வைத்திருந்த ஒரே காரணத்துக்காக இன்னொருவர் சில்லறை வாங்குவதா? 1965 நவம்பரில் வார்சா ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக அமெரிக்கா நோட்டீஸ் கொடுத்தது. ஆறு மாதம் கெடு. உலக விமானக் கம்பெனிகள் பதறிப் போயின. 1966 மே மாதம், கெடு முடிய இரண்டே நாட்கள் இருக்கும்போது சமரசம் வந்தது. அமெரிக்காவைத் தொடும் பயணங்களுக்கு 75,000 டாலர் வரை தருவோம், அந்த அளவு வரை எங்கள் தவறு இல்லை என்று வாதாட மாட்டோம் என்று கம்பெனிகள் ஒத்துக் கொண்டன. நோட்டீஸ் வாபஸ்.

அந்தச் சமரசத்தில் ஒரு சின்ன நிபந்தனை. உச்சவரம்பு பற்றிய எச்சரிக்கையை டிக்கெட்டில் குறைந்தது 10 பாயிண்ட் எழுத்தில் அச்சடிக்க வேண்டும். அச்சு எழுத்தின் அளவு மேல் மனித உயிரின் கணக்கு நின்ற விசித்திரம் இதிலிருந்து தொடங்கியது.

1960ல் அயர்லாந்தின் ஷானன் நகரில் ஒரு அலிடாலியா விமானம் விழுந்திருந்தது. அந்த வழக்கில் 1966ல் தீர்ப்புச் சொன்ன நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம், டிக்கெட்டில் இருந்த எழுத்து லில்லிபுட் மனிதர்கள் படிக்கிற அளவில் இருக்கிறது என்று கிண்டலடித்து, உச்சவரம்பு செல்லாது என்றது. பயணிகள் பக்கம் கிடைத்த பெரிய வெற்றி அது. ஆனால் 1983 செப்டம்பர் 1ஆம் தேதி கொரியன் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று வழி தவறி சோவியத் வான்வெளிக்குள் போய், போர் விமானத்தால் சுடப்பட்டு 269 பேர் இறந்தார்களே, அவர்கள் கையில் இருந்த டிக்கெட்டில் எச்சரிக்கை 8 பாயிண்ட் எழுத்தில் இருந்தது. இரண்டு பாயிண்ட் குறைவு! குடும்பத்தினர் இதைப் பிடித்துக் கொண்டு வாதாடினார்கள். 1989ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. எழுத்து சின்னதாக இருந்தால் உச்சவரம்பு போய்விடும் என்று ஒப்பந்தத்தில் எங்கும் எழுதவில்லை என்றது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் 10 பாயிண்ட் என்ற நிபந்தனையை எதற்குத்தான் போட்டார்கள்?

இவ்வளவு நேரம் 'எவ்வளவு' என்ற கேள்வி. இன்னொரு கேள்வி இன்னும் சுவாரசியமானது. எதற்கு நஷ்டஈடு? ஒப்பந்தத்தின் 17ஆவது பிரிவில் இரண்டு முக்கியமான சொற்கள் இருக்கின்றன. ஒன்று 'விபத்து'. இன்னொன்று 'உடல் காயம்'. விமானத்திலோ, ஏறும்போதோ, இறங்கும்போதோ ஒரு விபத்தால் உடலில் காயம் பட்டிருக்க வேண்டும். விபத்து என்றால் என்ன என்று மட்டும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அரை நூற்றாண்டுக்கும் மேலாக வக்கீல்களுக்குச் சோறு போட்டது இந்த இடைவெளிதான்.

1980ல் பாரிசிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் போன ஏர் பிரான்ஸ் விமானத்தில் ஒரு பெண் பயணிக்கு, விமானம் இறங்கும்போது இடது காதில் கடுமையான வலி. அதன்பின் அந்தக் காது கேட்கவே இல்லை. விமானத்தில் காற்றழுத்தக் கருவி எந்தக் கோளாறும் இல்லாமல் வேலை செய்தது. 1985ல் உச்ச நீதிமன்றம் விளக்கம் கொடுத்தது: பயணியின் உடலுக்கு வெளியே, எதிர்பாராத அல்லது வழக்கத்துக்கு மாறான ஒன்று நடந்தால்தான் விபத்து. எல்லாம் ஒழுங்காக நடந்து, உடம்பு அதைத் தாங்காமல் போனால் அது விபத்து இல்லை. காது போனது போனதுதான். பல நாட்டு நீதிமன்றங்களும் இந்த விளக்கத்தையே எடுத்துக் கொண்டன.

1983ல் மியாமியிலிருந்து பஹாமாஸ் கிளம்பிய ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானத்தில் மூன்று எஞ்சின்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்று விட்டன. அட்லாண்டிக் கடலில் இறக்கப் போகிறோம் என்று அறிவித்து விட்டார்கள். எல்லோரும் சாகத் தயாராக உட்கார்ந்திருந்த நேரத்தில் ஒரு எஞ்சின் மறுபடி உயிர் பெற்று, விமானம் மியாமியில் பத்திரமாக இறங்கியது. காரணம் என்ன தெரியுமா? பராமரிப்பில் சில சின்ன ரப்பர் வளையங்களைப் போட மறந்ததால் எண்ணெய் கசிந்து விட்டது! இங்கே விபத்து இருக்கிறது, தவறும் இருக்கிறது. ஆனால் யாருக்கும் கீறல் இல்லை. 1991ல் தீர்ப்பு வந்தது. மூல ஒப்பந்தம் பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டது, அந்த பிரெஞ்சு சொல்லுக்கு உடல் காயம் என்றுதான் பொருள், வெறும் மன அதிர்ச்சிக்கு இடமில்லை. சாவைப் பக்கத்தில் பார்த்துத் திரும்பியவர்களுக்கு ஒரு பைசா கிடையாது.

எல்லாத் தீர்ப்பும் இப்படி இல்லை. 1998 ஜனவரியில் ஒலிம்பிக் ஏர்வேஸ் விமானத்தில் ஆஸ்துமா உள்ள ஒரு டாக்டர் குடும்பத்தோடு பயணம் செய்தார். அப்போது விமானத்தில் சிகரெட் பிடிக்கத் தனி வரிசைகள் இருந்தன. அந்த வரிசைகளுக்கு மூன்று வரிசை முன்னால் இவருக்கு இடம். மனைவி மூன்று முறை கெஞ்சினார், இடம் மாற்றித் தரச் சொல்லி. விமானம் முழுக்க நிறைந்து விட்டது என்று பணிப்பெண் மறுத்து விட்டார். உண்மையில் 11 இருக்கைகள் காலி. புகை தாங்காமல் அந்த டாக்டர் விமானத்திலேயே இறந்து போனார். புகை அந்தக் காலத்தில் சகஜம், இது விபத்தா என்று கேட்டது கம்பெனி. உதவி கேட்டும் மறுத்ததே வழக்கத்துக்கு மாறான சம்பவம், அதனால் விபத்துதான் என்று 2004ல் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. சும்மா இருப்பதும் ஒரு செயல்தான்!

அடுத்த வருடமே, நீண்ட நேரம் மடக்கி உட்கார்ந்ததால் காலில் ரத்தம் உறைந்தவர்கள் பிரிட்டனில் பிரபுக்கள் சபை வரை போய்த் தோற்றார்கள். குறுகலான சீட்டில் உட்கார்வது விபத்து இல்லையாம்.

இதற்கிடையில் பழைய வார்சா அமைப்பே இற்றுப் போயிருந்தது. ஒரே விமானத்தில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் இருவர் உட்கார்ந்தால், எங்கிருந்து எங்கே டிக்கெட் எடுத்தார்கள் என்பதைப் பொறுத்து ஆளுக்கொரு உச்சவரம்பு. 1992ல் ஜப்பானியக் கம்பெனிகள் தாமாகவே உச்சவரம்பு வேண்டாம் என்று தூக்கி எறிந்தன. மற்றவர்களுக்கு வேறு வழி இல்லாமல் போனது. 1999 மே 28ஆம் தேதி மாண்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தாகி 2003 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. இதில் இரண்டு படி. முதல் படி வரை கம்பெனி தன் மேல் தவறில்லை என்று சொல்லித் தப்ப முடியாது. பயணியின் தவறும் சேர்ந்திருந்தால் மட்டும் குறையும். அதற்கு மேல் கேட்டால், தன் தவறு இல்லை என்று கம்பெனி நிரூபித்தால் தப்பலாம். இல்லையென்றால் உச்சவரம்பே இல்லை. தங்க பிராங்குக்குப் பதிலாக சர்வதேச நிதியத்தின் எஸ்.டி.ஆர் என்ற கணக்கு. தொடக்கத்தில் 100,000 எஸ்.டி.ஆர். விலைவாசியைப் பார்த்துத் திருத்தித் திருத்தி, 2024 டிசம்பர் 28 முதல் 151,880. நம் பணத்தில் ஒன்றே முக்கால் கோடிக்கு மேல்.

இந்தியா இதில் சேர்ந்தது 2009ல். அடுத்த வருடமே சோதனை வந்தது. 2010 மே 22ஆம் தேதி துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூரில் ஓடுபாதை தாண்டி விழுந்து 158 பேர் இறந்தார்கள், 8 பேர் தப்பினார்கள். முதல் படித் தொகை எல்லோருக்கும் கண்ணை மூடிக் கொண்டு கிடைக்குமா? ஆமாம், குறைந்தது 75 லட்சம் என்றார் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி. இல்லை, இழப்பை நிரூபித்த அளவுக்குத்தான் என்று அதே நீதிமன்றத்தின் டிவிஷன் பெஞ்ச் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. வேலைக்காக வளைகுடா போன கூலித் தொழிலாளியின் உயிரும் மேனேஜரின் உயிரும் ஒரே விலை இல்லை என்பதுதான் இதன் பச்சையான அர்த்தம். இறந்தவர்களில் ஒருவர் துபாய் கம்பெனியில் உயர்ந்த பதவியில் இருந்த 45 வயதுக்காரர். சம்பளத்தில் அலவன்ஸ் என்று பிரித்துக் காட்டிய தொகைகளைக் கழிக்கக் கூடாது, மொத்தமும் வருமானம்தான் என்று சொல்லி, அவர் குடும்பத்துக்கு 7.64 கோடி ரூபாயும் வட்டியும் தர 2020ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. விபத்து நடந்து பத்து வருடம் ஆகியிருந்தது.

ஐரோப்பாவில் கதை இன்னும் ஓடிக் கொண்டிருக்கிறது. மயோர்காவிலிருந்து வியன்னா போன விமானத்தில் அப்பாவின் மேஜையில் இருந்த சூடான காபி கவிழ்ந்து ஒரு சின்னப் பெண்ணுக்குத் தீக்காயம். காபி கவிழ்வது விமானத்துக்கே உரிய ஆபத்தா என்றது கம்பெனி. அப்படி இருக்க வேண்டியதில்லை, இதுவும் விபத்துதான் என்று 2019ல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் சொன்னது. லண்டன் ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்தில் அவசரமாக இறக்கப்பட்டபோது எஞ்சின் காற்று தள்ளி விட்டு, மனநோய்க்கு ஆளான ஒரு பெண்ணின் வழக்கு 2022ல் அதே நீதிமன்றத்துக்கு வந்தது. மருத்துவம் இல்லாமல் தீராத அளவுக்கு மனம் பாதிக்கப்பட்டது நிரூபணமானால் அதுவும் உடல் காயம் போலத்தான் என்று தீர்ப்பு. மியாமி விமானத்தில் இருந்தவர்களுக்கு 31 வருடம் தாமதம்.

1929லிருந்து மாறாத ஒன்றும் உண்டு. விமானம் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து, அல்லது சேர்ந்திருக்க வேண்டிய நாளிலிருந்து, இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட்டு விட வேண்டும். அதற்கு ஒரு நாள் கூடினாலும் மேலே சொன்ன எந்தத் தீர்ப்பும் உதவாது.