பெயரில் மறைந்த வங்காளம்

புனே, சாத்தாரா மாவட்டங்களில் தன்கர் இடையர் வளர்க்கும் தக்காணிச் செம்மறி பெரும்பாலும் ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டியே ஈனும். சுந்தரவனத்தின் சிற்றுருவக் கரோல் ஆடோ இரண்டு, மூன்று ஈனும். 1792, 1793ஆம் ஆண்டுகளில் வங்காளத்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய ஆடுகளின் வழியாகவே இப்பண்பு அங்குள்ள பூரூலா மெரினோ இனத்தை அடைந்தது என்பது ஆய்வாளர் கருத்து. இதற்குக் காரணமான மரபணுத் திரிபு 2001இல் கண்டறியப்பட்டது.

சாத்தாரா மாவட்டத்துப் பல்டணிலுள்ள நிம்ப்கர் வேளாண் ஆய்வு நிறுவனம், கரோல் கிடாக்களைக் கொண்டு அத்திரிபைத் தக்காணி ஆட்டில் புகுத்தியது. மரபணுச் சோதனையில் புனே தேசிய வேதியியல் ஆய்வகம் துணைநின்றது. இரட்டைக் குட்டி இடையர்க்குக் கூடுதல் வருவாய்.

ஆயினும் அறிவியல் ஏடுகளில் அம்மரபணு ஆஸ்திரேலியப் பண்ணை ஒன்றின் பெயரையே தாங்கி நிற்கிறது. அவ்வாட்டினத்தைத் தலைமுறைகளாகப் பேணிய வங்காளக் குடியானவர்க்கு அப்பெயரில் இடமில்லை. நாட்டினங்களின் வரலாற்றை எழுதுவோர் இக்குறையிலிருந்தே தொடங்கவேண்டும்.