பெங்களூர்த் திட்டம்: தேர்வெண்களும் ஆசிரியர் உரைகளும்

இலக்கணப் பாடத்திட்டத்தை விடுத்து, பொருளின்மீது கவனத்தை நிறுத்தும் செயல்களின்வழி ஆங்கிலம் கற்பித்தலே என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் நடத்திய பெங்களூர்த் திட்டத்தின் கொள்கை.

பெரெட்டாவும் டேவிஸும் 1985இல் வெளியிட்ட மதிப்பீடு அளவைசார்ந்தது. அமைப்புமுறையில் பயின்றோர் அமைப்புத் தேர்விலும், திட்ட மாணவர் செயல்முறைத் தேர்விலும் மேம்பட்டனர். பொதுநிலைத் தேர்வுகளின் முடிவுகள் பெரும்பாலும் திட்டத்திற்குச் சாதகமாயின. எனினும் ஒப்பிடப்பட்டவை முன்பே அமைந்திருந்த வகுப்புகள்; குலுக்கல்முறையில் பிரிக்கப்பட்டவை அல்ல. இக்குறையை ஆய்வாளரே மறைக்கவில்லை.

வகுப்பறையினுள் நிகழ்ந்தது யாது? 1990இல் வெளிவந்த கட்டுரைக்காகப் பெரெட்டா ஆசிரியர்தம் அனுபவ உரைகளைத் திரட்டியபோதே, கொள்கையை முழுமையாக உள்வாங்காத ஆசிரியர்களும் இருந்தமை புலப்பட்டது. இப்பண்புசார் ஆய்வு முந்தியிருப்பின், எவற்றைத் திட்ட வகுப்புகளாகக் கணக்கிடலாம் என்பது தேர்வுக்கு முன்னரே தெளிவாகியிருக்கும்.