கெட்டிக்கும் துப்பாக்கி

பெரம்பலூர் மாவட்டத்தின் எறையூரில் நரிக்குறவர் குடியிருப்பு உண்டு. வாக்ரிபோலி பேசும் இம்மக்களின் பழைய தொழில் வேட்டை. கருவி, வாய்வழி கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி.

கெட்டிப்பது பொறுமையான கைவேலை. குழாயின் வாயில் கரிமருந்தைக் கொட்டி, தேங்காய்நாரைச் சுருட்டி வைத்து, நீண்ட கம்பியால் இடிப்பார்கள். அதன்மேல் ஈய ரவை. அது உருண்டு விழாதபடி மறுபடியும் நார். கடைசியில் பின்புறக் காம்பில் செப்புக் கேப்பைச் செருகினால், குதிரை அடித்ததும் தீப்பொறி உள்ளே பாயும். அகன்ற குழாய் என்பதால் காடைக்குப் பொடி ரவை, பன்றிக்கு ஒற்றைக் குண்டு என ஒரே துப்பாக்கி எல்லாவற்றுக்கும் ஈடுகொடுத்தது. இதுதான் அதன் பெரிய சிறப்பு.

இப்படி ஒன்றே பலவற்றுக்கும் உதவும் வசதி அமெரிக்காவில் வேறு விதமாக வந்தது. அங்கே 1873-இல் வின்செஸ்டர் ரைபிளுக்கு வந்த .44-40 தோட்டாவைச் சில ஆண்டுகளில் கோல்ட் ரிவால்வரும் ஏற்றது. இரண்டுக்கும் ஒரே தோட்டா. வெற்றுக் கூட்டில் மீண்டும் மருந்து நிரப்பவும் முடிந்தது. நாட்டுத் துப்பாக்கிக்கோ கூடே தேவைப்படவில்லை.

இந்தியாவில் 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உரிமத்தைக் கட்டாயமாக்கியது. 1959-இன் சட்டமும் அதைத் தொடர்ந்தது. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைத் தொழிலையே முடக்கியது. மாற்றுப் பிழைப்புக்கு வழி செய்யாமல் தடை மட்டும் வந்தது பெரும் அநீதி. ஊசியும் பாசிமணியும் விற்பதே பலருக்கு முழுநேர வேலையானது.